வழி தப்பி வந்த கதிர்க்குருவி: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் ஸ்காட்லாந்தின் ஃபேர் தீவைப் பற்றி எழுதியிருந்தோம். ஆர்க்னித் தீவுகளுக்கும் ஷெட்லாண்டுத் தீவுகளுக்கும் நடுவே தனியாகக் கிடக்கும் தீவு அது. நீளம் சுமார் 5 கி.மீ., அகலம் 2.5 கி.மீ.; குடியிருப்பவர்கள் சில பத்துப் பேர்தான். சைபீரியாவில் முட்டையிலிருந்து வெளிவந்து, தெற்கே நம் பக்கமோ தென்கிழக்கு ஆசியாவுக்கோ போக வேண்டிய குருவிகள் செப்டம்பர், அக்டோபரில் அங்கே போய் இறங்குகின்றன. அதைப் படித்துவிட்டு வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

மரமே இல்லாத பாறைத் தீவு என்று எழுதியிருந்தீர்கள். காட்டுக் குருவிக்கு அங்கே என்ன வேலை?
– வாசகர், சேலம்

விரும்பி வருவதில்லை. கீழே முழுக்கக் கடலாக இருப்பதால் இறங்குகின்றன.

கதிர்க்குருவி, ஈப்பிடிப்பான் போன்ற சிறு பறவைகள் பெரும்பாலும் இரவில்தான் வலசை போகும். நார்வேயின் மேற்குக் கரையிலிருந்து ஃபேர் தீவு 350 கி.மீ.க்கும் மேல். காற்றே இல்லாத இரவில் மணிக்கு 35 கி.மீ. வேகத்தில் பறந்தால் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். பொழுது விடியும்போது இன்னும் கடலுக்கு மேலேயே இருக்கும் பறவை, கண்ணில் படும் முதல் நிலத்துக்குத் திரும்பிவிடும். அந்த நிலம் எவ்வளவு சிறியது, அங்கே மரம் இருக்கிறதா என்று பார்க்கிற நிலையில் அது இருக்காது.

நமக்கு வசதியும் இதில்தான் இருக்கிறது. பெருங்காட்டில் ஆயிரம் குருவி இறங்கினாலும் இலைக்குள் மறைந்துவிடும். ஃபேர் தீவில் ஒளிய இடம் என்று பார்த்தால் கல்சுவர்கள், ஓடைப் பள்ளங்கள், தென்பாதியில் உள்ள ஓட்ஸ், உருளைக்கிழங்கு, டர்னிப் பாத்திகள், பாறைக்கரையில் கடல் குடைந்த இடுக்குகள், அவ்வளவுதான். வடபாதி புல்லும் குட்டையான ஹெதர் செடியும் படர்ந்த வெறும் மேடு. 1905இல் பறவையியலாளர் வில்லியம் ஈகிள் கிளார்க் இந்தச் சிறப்பைக் கண்டுகொண்டு வரத் தொடங்கினார். 1948இல் இன்னொரு பறவையியலாளர் ஜார்ஜ் வாட்டர்ஸ்டன் அங்கே பறவை ஆய்வு நிலையம் அமைத்தார். இதுவரை 380க்கும் மேற்பட்ட பறவை வகைகள் அந்தச் சிறு தீவில் பதிவாகியுள்ளன.

கொண்டல் அடித்தால் போதும், பறவை வந்து குவியும் என்கிறார்களே, உண்மையா?
– வாசகர், தூத்துக்குடி

கிழக்குக் காற்று வேண்டும். ஆனால் அது மட்டும் போதாது. ஒரு வாரம் கொண்டல் வீசியும் ஒரு குருவிகூடக் கிடைக்காத நாட்கள் உண்டு. பறவை புறப்படும் இடத்தில் என்ன வானிலை, வழியில் என்ன, தீவின் அருகில் என்ன என்று மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் காரணம் புரியும்.

புறப்படும் இடத்தில் வானம் தெளிவாக இருக்க வேண்டும். மழை கொட்டும் இரவில் பறவை கிளம்பாது. ஸ்காண்டிநேவியாவுக்கு மேல் உயர் அழுத்தம் நிலைகொண்டால் அங்கே தெளிந்த வானம் கிடைக்கும். வடக்கு அரைக்கோளத்தில் உயர் அழுத்தத்தைச் சுற்றிக் காற்று கடிகார முள் திசையில் சுழல்வதால், அதன் தெற்கு விளிம்பில் கிழக்கிலிருந்து மேற்காகக் காற்று ஓடும். அந்த ஓட்டம் இரண்டு மூன்று நாளாவது விடாமல் இருக்க வேண்டும். வானிலைப் படத்தில் சம அழுத்தக் கோடுகளின் மேல் விரலை வைத்துக் கிழக்கே தடவிப் பாருங்கள். கோடு பால்டிக் கடலையும் தாண்டி ரஷ்யா வரை போனால் நம்பிக்கை வைக்கலாம். வட கடலின் நடுவிலேயே வளைந்து திரும்பிவிட்டால், தீவில் எவ்வளவு பலமாகக் கொண்டல் வீசினாலும் அந்தக் காற்று எந்தக் காட்டையும் தொட்டு வரவில்லை. அதில் பறவை இருக்காது. தீவின் காற்றுத் திசையை மட்டும் பார்த்துவிட்டு ஏமாறுகிறவர்கள் செய்யும் தவறு இதுதான்.

கடைசியாக, தீவின் அருகில் மழையோ மூடுபனியோ தாழ்ந்த மேகமோ வேண்டும். வழிநெடுக வானம் தெளிவாக இருந்தால் பறவை மேலேயே கடந்து போய்விடும். பாதிக் கடலில் மழையில் மாட்டி, விண்மீனும் தெரியாமல், இறகும் நனைந்து வருவதுதான் கூட்டமாக இறங்கும். அப்படி இறங்கும் காலையில் நேற்று வெறுமையாக இருந்த கல்சுவரில் பத்து அடிக்கு ஒரு குருவி உட்கார்ந்திருக்கும்.

இன்னொன்று: மணிக்கு 50 கி.மீ.க்கு மேல் காற்று வீசும் நாளில் பறவை வந்திருந்தாலும் கண்ணில் படாது. பள்ளத்துக்குள் தரையோடு தரையாகப் பதுங்கிவிடும். காற்று அடங்கிய முதல் காலையில்தான் எல்லாம் வெளியே வரும். "நேற்றிரவு புதிதாக வந்தது" என்று அன்று எழுதப்படும் பறவை பல நேரம் இரண்டு நாள் முன்பே வந்து ஒளிந்திருந்ததுதான். மாறாக, இரவு தெளிந்து காற்றும் இல்லாமல் போனால் முந்தின நாள் பார்த்தவை கிளம்பிவிடும். அதனால் அபூர்வமான பறவையை மாலையில் கண்டால் வெளிச்சம் போவதற்குள் குறிப்பு எழுதி முடித்துவிட வேண்டும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக் கூடாது.

எந்த மாதம் எது வரும்?
– வாசகர், கோயம்புத்தூர்

ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பர் தொடக்கத்திலும் பச்சைக் கதிர்க்குருவி, மஞ்சள்தலை வாலாட்டி, காமன் ரோஸ்ஃபிஞ்ச். செப்டம்பர் பிற்பாதி முதல் அக்டோபர் நடுப்பகுதி வரைதான் உச்சம்: மஞ்சள்புருவக் கதிர்க்குருவி, செம்மார்பு ஈப்பிடிப்பான், பிளித் நாணல் கதிர்க்குருவி, பெச்சோரா நெட்டைக்காலி, லான்சியோலேட்டட் கதிர்க்குருவி. அக்டோபர் கடைசியில் வடக்கிலிருந்து ரெட்விங், ஃபீல்ட்ஃபேர் என்னும் பூங்குருவி இனங்கள் ஆயிரக்கணக்கில் கடக்கும்.

பள்ளத்துக்குள் பதுங்கும் 6 கிராம் குருவியை எப்படித்தான் தேடுவது?
– வாசகர், மதுரை

காற்று எந்தப் பக்கம் என்று முதலில் பாருங்கள். அதற்கு மறுபக்கம் போங்கள். கிழக்குக் காற்று என்றால் சுவரின் மேற்குப் பக்கம், மேற்கு நோக்கிய இடுக்குகள். பூச்சி இருக்கும் இடத்தில்தான் பூச்சி தின்னும் குருவி இருக்கும். கரையில் ஒதுங்கி அழுகும் கடற்பாசிக் குவியலில் ஈ மொய்க்கும். அதனால் இலையில் பூச்சி பொறுக்கிப் பழகிய கதிர்க்குருவி அங்கே பாறை மேலும் பாசி மேலும் தத்தித் திரியும். இடுக்கின் விளிம்பில் நனைந்த புல் சோப்பு போல வழுக்கும். நின்று பார்க்காதீர்கள், விளிம்புக்கு இரண்டு அடி முன்பே குந்தி உட்கார்ந்து, பைனாகுலரால் எதிர்ச் சுவரைத் துழாவுங்கள்.

ஓடைப் பள்ளத்தில் இரண்டு பேராகப் போவது நல்லது. இரு கரையிலும் ஆளுக்கொருவர், பள்ளத்திலிருந்து சற்று விலகி, சாவகாசமாக நடக்க வேண்டும். பறவை முன்னே எழுந்து பறந்தால் அது இறங்கிய இடத்தை நோக்கி நேராக ஓடாதீர்கள். அந்த இடத்தை ஒரு கல்லையோ வேலிக்காலையோ வைத்து மனதில் குறித்துக்கொண்டு, வட்டமாகச் சுற்றிப் போய், அதற்கு முன்னால் இருபது மீட்டரில் அசையாமல் உட்காருங்கள். கால் மணி நேரம் காத்திருந்தால் பெரும்பாலும் தானே வெளியே வரும். இரண்டு முறைக்கு மேல் எழுப்பிவிட்டால் அந்தப் பறவையை விட்டுவிட வேண்டும். இரவெல்லாம் பறந்து கொழுப்பைக் கரைத்து வந்த உயிர் அது. ஒவ்வொரு தடவை எழுந்து பறக்கும்போதும் அதன் கையிருப்பு குறைகிறது.

லான்சியோலேட்டட் கதிர்க்குருவி மட்டும் விதிவிலக்கு. அது பறக்கவே விரும்பாது. புல்லுக்குள் எலி போல நடந்து போகும்; அசையாமல் நின்றால் காலணியின் மேலேயே ஏறிப் போகும். பிரிட்டனில் இந்தப் பறவை பதிவான இடங்களில் ஃபேர் தீவுக்குத்தான் பெரும் பங்கு. அதை யாரும் விரட்டித் தேடக் கூடாது. புல்லை மிதித்தால் பறவை காலடியிலேயே நசுங்கும் ஆபத்து உண்டு.

குறிப்பேட்டுக்குப் பென்சில் கொண்டுபோங்கள். சாரலில் பேனா மை கரைந்துவிடும். 8x42 பைனாகுலர் (8 மடங்கு பெரிதாக்குவது, 42 மி.மீ. வில்லை) போதும். காற்றில் கை ஆடும்போது 10 மடங்கு பெரிதாக்கும் 10x உதவியைவிடத் தொந்தரவே அதிகம்.

மஞ்சள்புருவக் கதிர்க்குருவியும் நம் ஊருக்கு வரும் பச்சைக் கதிர்க்குருவியும் படத்தில் ஒன்றுபோலவே இருக்கின்றன. எப்படிப் பிரிப்பது?
– வாசகர், திருநெல்வேலி

இறக்கையைப் பாருங்கள். மஞ்சள்புருவத்துக்கு இறக்கையில் அழுத்தமான இரண்டு வெளிர் பட்டைகள் இருக்கும். உடம்பை ஒட்டி மடிந்திருக்கும் உள் இறகுகளின் ஓரமும் வெள்ளையாகக் கோடிட்டிருக்கும். பச்சைக் கதிர்க்குருவிக்கு ஒரே ஒரு மெல்லிய பட்டைதான். இறகு தேய்ந்திருந்தால் அதுவும் தெரியாது. உள் இறகுகளில் வெள்ளை ஓரமே கிடையாது. குரலும் உதவும்: மஞ்சள்புருவம் "ட்சூ-ஈஸ்ட்" என்று மேலேறிக் கூர்மையாக முடிக்கும், பச்சைக் கதிர்க்குருவி சிட்டுக்குருவியை நினைவூட்டும் "ச்சிலீ" என்ற இரட்டை ஒலி எழுப்பும்.

உண்மையில் சிக்கல் வருவது ஹியூம் கதிர்க்குருவியோடுதான். அதற்கும் இரண்டு பட்டை உண்டு. ஆனால் மேற்பட்டை மங்கல், மொத்த நிறமும் சாம்பல் கலந்தது, காலும் கீழ் அலகும் கருமை. மங்கிய வெளிச்சத்தில் இவை எதையும் நம்ப முடியாது. குரல் கேட்காமல் ஹியூம் என்று எழுதுவது சரியல்ல. தலை நடுவில் மஞ்சள் கோடும், பறக்கும்போது முதுகின் அடியில் எலுமிச்சை நிறத் திட்டும் தெரிந்தால் அது பல்லாஸ் கதிர்க்குருவி.

நம் வீட்டு வேலியில் செப்டம்பரிலிருந்து ஏப்ரல் வரை "டக்... டக்..." என்று நாக்கைச் சொடுக்குவது போலக் குரல் கொடுத்துக்கொண்டே இருக்கும் பழுப்புக் குருவி ஒன்று உண்டு. பிளித் நாணல் கதிர்க்குருவி. திருநெல்வேலியில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்காத அந்தப் பறவை ஃபேர் தீவில் இறங்கினால் பார்க்க ஆட்கள் திரள்வார்கள். அதைச் சாதாரண நாணல் கதிர்க்குருவியிலிருந்து பிரிப்பது அங்கே பெரும்பாடு. கையில் பிடித்தால் குழப்பம் தீரும்: இறக்கையின் முதன்மை இறகுகளை வெளிப்பக்கத்திலிருந்து எண்ணி (முதல் இறகு மிகச் சிறியது, அதையும் சேர்த்து) மூன்றாவதிலும் நான்காவதிலும் வெளி ஓரம் ஒடுங்கியிருந்தால் பிளித்; மூன்றாவதில் மட்டும் ஒடுங்கியிருந்தால் மற்றது. நம் ஊர்க்காரர்களுக்கு இதில் ஓர் அனுகூலம் இருக்கிறது. குளிர்காலம் முழுக்க அந்த "டக்" ஒலியைக் கேட்டுப் பழகிய காது, அங்கே ஓடைப் பள்ளத்தில் அதைக் கேட்ட மாத்திரத்தில் கண்டுகொள்ளும். இந்தப் பயிற்சிக்கு வீட்டு முருங்கை மரமே போதும்.

ஹெலிகோலாண்டு பொறி என்று குறிப்பிட்டிருந்தீர்கள். வலை கட்டாமல் ஏன் இந்தப் பொறி? எப்படி வேலை செய்கிறது?
– வாசகர், யாழ்ப்பாணம்

மெல்லிழை வலை காற்றில் உப்பிப் பாய்மரம் போல ஆகிவிடும். பறவை அதில் தங்காது. தங்கினாலும் இழை முறுக்கிக் காயப்படும். காற்று ஓயாத தீவில் வலை கட்டக்கூடிய நாட்கள் குறைவு. அதனால் கம்பிவலையால் நிலையாகக் கட்டிய பொறி. பெயர், வட கடலில் உள்ள ஜெர்மனியின் ஹெலிகோலாண்டு தீவிலிருந்து வந்தது. அங்கே 1910இலேயே வலசை ஆய்வு நிலையம் தொடங்கிவிட்டது.

அமைப்பு ஒரு பெரிய புனல். வாய்ப் பக்கம் பல மீட்டர் அகலம்; மேலும் பக்கங்களும் கம்பிவலை. கல்சுவரையோ ஓடையையோ புதரையோ நடுவில் வைத்துக் கட்டுவார்கள், பறவை எப்படியும் அந்த வழியாகத்தான் ஒதுங்கிப் போகும் என்பதால். உள்ளே போகப் போகக் குறுகி, ஓரிடத்தில் வளையும். அந்த வளைவு முக்கியம்: அதைத் தாண்டிய பறவைக்குத் திரும்பிப் பார்த்தால் வாய் தெரியாது. முடிவில் ஒரு மரப்பெட்டி, அதன் பின்பக்கம் கண்ணாடி. வெளிச்சம் தெரிகிற பக்கம் பறந்து பறவை பெட்டிக்குள் விழும், கதவைச் சாத்திவிடுவார்கள். பொறி ஒடுங்கும் பகுதியில் கம்பிவலையின் கண் அரை அங்குலத்துக்கு மிகக் கூடாது. ஓர் அங்குலமாக விட்டால் 5 கிராம் குருவி புகுந்து போய்விடும். கண்ணாடி அழுக்கேறினாலும் பயன் இல்லை: வெளிச்சம் மங்கினால் பறவை பெட்டிக்கு முன்பே நின்று திரும்பும். தினமும் துடைக்க வேண்டும்.

பறவையைப் பொறிக்குள் ஓட்டுவதிலும் பக்குவம் உண்டு. வாய்க்கு வெளியே மெதுவாகத் தொடங்கி, வளைவு வரை நிதானமாக நடந்து, வளைந்த பின்தான் வேகம். முதலிலேயே கை தட்டினால் பறவை மேலே எழும்பிப் பொறிக்கு மேலாகப் பறந்துவிடும்.

பிடித்ததைப் பருத்திப் பையில் போட்டு நிலையத்துக்குக் கொண்டுபோவார்கள். ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே கழுத்து, உள்ளங்கையில் முதுகு; மார்பை அழுத்தவே கூடாது, அழுத்தினால் மூச்சு நிற்கும். எண் பொறித்த உலோக வளையம், பிறகு மில்லிமீட்டரில் இறக்கை நீளம், கழுத்தடியில் இறகை ஊதி விலக்கி, தோலுக்கடியில் எவ்வளவு கொழுப்பு இருக்கிறது என்பதற்கு ஒரு மதிப்பெண், எடை. சில நிமிடத்தில் விட்டுவிட வேண்டும். அதே பறவை மூன்று நாள் கழித்து மறுபடி விழுந்து எடை கூடியிருந்தால், அந்தக் கடற்பாசி ஈக்கள் அதைக் காப்பாற்றின என்று தெரிந்துகொள்ளலாம். எடையைக் குறிக்காமல் வளையம் மட்டும் போட்டு விடுவதில் பாதிப் பயன் போய்விடுகிறது.

மாலையில் நிலையத்தில் எல்லோரும் கூடி உட்காருவார்கள். வரிசையாகப் பறவைப் பெயர்கள் வாசிக்கப்படும். யார் எத்தனை பார்த்தார்கள் என்று சொல்லி, ஒரே பறவையை இருவர் எண்ணியதைக் கழித்து எழுதுவார்கள். 2019 மார்ச்சில் நிலையக் கட்டடம் தீப்பிடித்து எரிந்தது. பழைய பதிவேடுகள் ஏற்கெனவே கணினிப் படியாக எடுக்கப்பட்டிருந்ததால் அத்தனை ஆண்டுக் கணக்கும் பிழைத்தது. கையெழுத்துக் குறிப்பேடு வைத்திருக்கும் வாசகர்கள் இன்றே அதைப் படமெடுத்து வையுங்கள்.

வழி தப்பிய பறவைகள் செத்துப்போய்விடுமா?
– வாசகர், திருச்சி

பல சாகும். குறிப்பாக முதல் இலையுதிர்காலத்தைப் பார்க்கும் குஞ்சுகள். வழி தப்புவதில் பெரும்பாலும் அவைதான். திசையும் எத்தனை நாள் பறப்பது என்பதும் அவற்றுக்குப் பிறப்பிலேயே வருகிறது. தாய் கூட வந்து வழி காட்டுவதில்லை. அந்த உள்திசை பிசகினால் தென்கிழக்குக்குப் பதில் மேற்கே போகும்.

ஆனால் எல்லாமே வீண் பயணம் என்று எண்ண வேண்டாம். ரிச்சர்ட் நெட்டைக்காலி சைபீரியாவிலிருந்து ஆசியாவின் தெற்கே வரும் பறவை. தெற்கு பிரான்சில் குளிர்காலத்தில் அதைப் பிடித்து வளையமிட்டபோது, சில பறவைகள் அடுத்த குளிர்காலத்திலும் அதே புல்வெளிக்கு வந்தன. உடலில் பொருத்திய ஒளியளவிக் கருவிகள் (பகல் வெளிச்சத்தைப் பதிந்து, பறவை இருந்த இடத்தைக் கணிக்க உதவுபவை) அவை தென்மேற்கு சைபீரியாவுக்குப் போய்த் திரும்பியதைக் காட்டின. 2021இல் வெளியான ஆய்வு இது. தவறிய வழி சில பறவைகளுக்குப் புது வழியாகிறது. ஒற்றைப் பறவை பார்த்த குறிப்பைக்கூடத் தேதி, இடம், காற்றோடு எழுதி வைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

நம் தீவுகளிலும் கரைகளிலும் இப்படிப் பார்க்க முடியுமா? அக்டோபரில் எங்கள் வீட்டுக்குள் வண்ணமயமான ஒரு பறவை வந்து விழுந்தது. என்ன செய்திருக்க வேண்டும்?
– வாசகர், வேதாரண்யம்

முடியும். கோடியக்கரைக் காடும் தனுஷ்கோடி மணல்முனையும் இலங்கைக்குக் கடல் தாண்டும் பறவைகள் கடைசியாகக் கால் ஊன்றும் இடங்கள். மறுபக்கம் மன்னார்த் தீவு. கரைப்பறவைகள் ஆகஸ்ட் முதலே வரும். காட்டுப் பறவைகளுக்குச் செப்டம்பர் கடைசி முதல் அக்டோபர் வரை பாருங்கள். மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளுக்கு வனத்துறை அனுமதி இல்லாமல் படகில் போகக் கூடாது. அனுமதி இல்லாமல் வலை கட்டுவதும் வளையமிடுவதும் குற்றம். கண்ணும் காதும் குறிப்பேடும் போதும். தினமும் ஒரே பாதையில், ஒரே நேரத்தில், விடிந்ததும் ஒரு மணி நேரம் நடந்து எண்ணுங்கள். ஒன்றுமே இல்லாத நாளையும் எழுதுங்கள். வராத நாள் எவை என்று தெரியாமல், பறவை வந்த நாளை மட்டும் வைத்துக்கொள்வதற்குப் பொருள் இல்லை. பட்டியலை இ-பேர்ட் (eBird) என்னும் பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றினால் பிறருக்கும் பயன்படும்.

உங்கள் வீட்டுக்குள் விழுந்தது பெரும்பாலும் ஆறுமணிக்குருவி. வடக்கே இமய அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் கூடு கட்டி, இரவில் தெற்கே வரும்போது வீட்டு விளக்கு வெளிச்சத்தில் திசை குழம்பி ஜன்னலில் மோதும். மூடியுள்ள அட்டைப்பெட்டியில் பென்சில் அளவு ஏழெட்டுத் துளை போட்டு, அடியில் பழைய துணி விரித்து, அதை உள்ளே விட்டு, இருட்டான அமைதியான மூலையில் வையுங்கள். பூனை, மின்விசிறி, குழந்தைகள் அருகில் வேண்டாம். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். மூச்சுக்குழாயில் போய்ச் சாகும். சோறும் பாலும் கூடாது. ஒன்று இரண்டு மணி நேரம் கழித்துப் பெட்டியை வெளியே தரையில் வைத்து, மரநிழலில் மூடியைத் திறந்து விலகி நில்லுங்கள். இரண்டு காலிலும் நேராக நின்று தத்தினால் தானே போய்விடும். இறக்கை தொங்கினாலோ ஒரு பக்கமாகச் சாய்ந்தாலோ மூடியை மறுபடி மூடி வனத்துறைக்குச் சொல்லுங்கள். காலில் வளையம் இருந்தால் கழற்றாமல் எண்ணையும் எழுத்துகளையும் படமெடுத்து மும்பை இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்குத் தேதி, ஊர்ப் பெயரோடு அனுப்புங்கள். அந்த இரவுகளில் மொட்டைமாடி விளக்கை அணைத்து வையுங்கள்.